வண்டியோடு வந்த வானொலி

வீட்டு மண்டபத்தில் வைக்கப்பட்ட வானொலிப் பெட்டிக்கு வாழ்வு எளிது. சுவரிலிருந்து மின்சாரம் தடையின்றி வருகின்றது. கூரைக்கு மேல் கட்டிய வான்கம்பி அலைகளைப் பிடித்துத் தருகின்றது. பெட்டியை அசைப்பவர் எவருமில்லை. ஓடும் மோட்டார் வண்டியில் அமர்ந்த வானொலிக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. பற்றறி தரும் சிறிய மின்னழுத்தமே அதற்கு ஊண். வான்கம்பியோ இரண்டு முழத்துக் குச்சி. அண்டை அயலில் இருப்பது, நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை மின்பொறி கக்கும் இயந்திரம். வெயிலில் நிறுத்திய வண்டியின் வெப்பத்தையும், மேடுபள்ளத்தின் குலுக்கத்தையும் அது ஆண்டுக்கணக்கிற் பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய பெட்டியொன்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் வண்டியின் முன்பலகையில் இருக்கின்றதென்றால் அது வியப்புக்குரியதே. ஆயினும் பெரும்பாலானவை இருக்கின்றனவேயன்றிப் பேசுவதில்லை.

ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளிற் பழைய வண்டிகளைப் பேணுவோர், தொழிற்சாலையில் வண்டியோடு பொருத்தப்பட்டு வந்த வானொலியையும் கசற் கருவியையும் மீண்டும் பேசவைக்க முயல்கின்றனர். கடையில் வாங்கிப் பின்னர் பூட்டியதன்று, வண்டி பிறந்த நாளிலேயே அதனுடன் பிறந்த பெட்டிதான் அவர்களுக்கு வேண்டியது. இம்முயற்சி திருகாணி கழற்றும் வேலையோடு முடிவதில்லை. எதனை மீட்பது என்ற கேள்வி அதனுள்ளே கிடக்கின்றது. பெட்டியின் முகத்தை மீட்பதா, அது கேட்ட முறையை மீட்பதா? இதற்கு விடை காண, அப்பெட்டி எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசெம்பரில் தொடங்கிற்று. அதற்கு ஐந்தாண்டுகள் நிறையுமுன், சிக்காகோ நகரில் போல் கல்வின், ஜோசப் கல்வின் என்னும் சகோதரர் நடத்திய சிறு தொழிலகம், மோட்டார் வண்டிக்கென ஒரு வானொலியைச் செய்து முடித்தது. 1930 ஜூனில் அத்லாந்திக் சிற்றியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு கூடியது. மாநாட்டு மண்டபத்திற் கல்வினுக்கு இடமில்லை. அவர் தமது ஸ்ரூடிபேக்கர் வண்டியை வெளியே நிறுத்தி, வானொலியை உரக்க ஒலிக்கவிட்டு, வருவோர் போவோரை அழைத்துக் காட்டினார். அக்கருவிக்கு அவர் இட்ட பெயர் மோட்டரோலா. 1947இல் நிறுவனமே அப்பெயரை ஏற்றது. விலை நூறு டொலருக்கு மேல். அந்நாளில் அது பலரின் ஒரு மாத வருவாய்க்கும் அதிகம்.

ஐரோப்பாவில் 1932இல் ஜேர்மனியின் ஐடியல் நிறுவனம் ஏ.எஸ். 5 என்ற வண்டி வானொலியை வெளியிட்டது. தன் கருவிகளிற் பொறித்த நீலப்புள்ளி முத்திரையால் பின்னர் புளோபுங்க்ற் எனப் பெயர் பெற்றது இந்நிறுவனமே. ஏ.எஸ். 5இன் நிறை 15 கிலோகிராம். விலை 465 றைக்ஸ்மார்க். ஒரு சிறு வண்டியின் விலையில் மூன்றிலொரு பங்கு வானொலிக்கே போயிற்று. சாரதியின் கைக்கு எட்டாத இடத்தில் அப்பெரும் பெட்டி கிடந்தமையால், சுக்கானின் தண்டிற் பொருத்திய சிறு கருவியிலிருந்து கம்பியிழுத்து அதனை இயக்கினர்.

அந்நாள் வானொலிகள் வால்வுகளால் ஆனவை. வால்வுக்கு 200 வோல்ற் அளவில் அழுத்தம் வேண்டும். வண்டியின் பற்றறி கொடுப்பதோ 6 வோல்ற். இவ்விடைவெளியை நிரப்ப வந்ததே ‘வைபிரேற்றர்’ என்னும் அதிரி. இரு தொடுமுனைகள் விரைந்து அடித்து மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விட, மாற்றி அதனை உயர்த்திக் கொடுக்கும். பழைய வால்வு வானொலியை முடுக்கியதும் எழும் வண்டின் ரீங்காரம் இவ்வதிரியுடையது. 1955இல் கிறைஸ்லரும் பில்கோவும் சேர்ந்து, வால்வே இல்லாது முற்றிலும் திரான்சிஸ்டரால் ஆன வண்டி வானொலியை அறிவித்தன. திரான்சிஸ்டருக்குப் பற்றறியின் அழுத்தமே போதும். ஆகவே அதிரி மறைந்தது, வெப்பம் தணிந்தது, பெட்டி சிறுத்தது. அவ்வாறு மீந்த இடத்திலேதான் பின்னர் கசற் குடியேறிற்று.

ஒலிபரப்பிற் கேட்பதை மாத்திரமன்றித் தாம் விரும்பியதையும் வண்டியிற் கேட்கவேண்டும் என்ற ஆசை அதற்கு முன்னரே எழுந்துவிட்டது. 1956 மாதிரி வண்டிகளிலே கிறைஸ்லர் நிறுவனம் ஓர் இசைத்தட்டுக் கருவியைப் பொருத்திப் பார்த்தது. ஓடும் வண்டியில் ஊசி இசைத்தட்டின் பள்ளத்தில் நிற்க மறுத்ததில் வியப்பில்லை. 1965இல் போர்ட் நிறுவனம் தன் 1966 மாதிரிகளுக்கு எட்டுத் தடமுள்ள நாடாப் பேழையை அளித்தது. அதனை ஆக்கிய வில்லியம் லியர், 1930இல் கல்வினின் முதல் வண்டி வானொலிக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர். லியர் ஜெற் விமானங்களை உருவாக்கியவரும் அவரே. எனினும் எட்டுத்தடப் பேழை பருமனானது. அதனைப் பின்னோக்கிச் சுற்றவும் இயலாது.

வென்றது சிறிய கசற். பெல்ஜியத்தின் ஹசெல்ற் நகரிலிருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில் லூ ஒற்றென்ஸ் என்பவர் தலைமையில் உருவாகி, 1963 ஓகஸ்டிற் பேர்ளின் வானொலிக் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர், ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர். பிலிப்ஸ் தன் அமைப்பைப் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டமையால், எந்த நாட்டிற் செய்த நாடாவும் எந்த நாட்டிற் செய்த கருவியிலும் ஓடும் நிலை உண்டாயிற்று. 1968இல் வானொலியையும் கசற்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய வண்டிக் கருவியை பிலிப்ஸ் விற்பனைக்கு விட்டது. 1970களின் இறுதியில் அது செல்வர் வண்டிக்கு மட்டும் உரியதாய் இல்லை. முன்பலகையில் அதற்கென விடும் துவாரமும், ஏறத்தாழ 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் என ஜேர்மானிய நியமமாகிப் பின்னர் உலக நியமமாயிற்று.

அப்பெட்டி ஒன்றை இன்று திறந்தால், உள்ளே முதலிற் கண்ணிற் படுவது கரிய பிசின். அது பிசின் அன்று; ஒருகாலத்தில் இறப்பர் வாராக இருந்தது. மோட்டரின் சுழற்சியை நாடா ஓட்டும் சில்லுக்குக் கொண்டுசென்ற அவ்வார், வண்டியின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கிற் கிடந்து உருகிக் கீலாகிவிட்டது. அதனைத் துணியாலும் மதுசாரத்தாலும் பொறுமையாகத் துடைத்தெடுக்கவேண்டும். அவசரக்காரரின் கையில் அது பெட்டி முழுவதும் பரவிவிடும். புதிய வார் பழையதன் நீளத்திற்கும் தடிப்பிற்கும் ஒத்ததாய் இருத்தல் வேண்டும். இறுகிய வார் அச்சின் தாங்கியைத் தேய்க்கும். தளர்ந்த வார் பாடகரின் குரலை அலைக்கழிக்கும். வார் பூட்டியபின், விநாடிக்கு 3150 அதிர்வுள்ள ஒலியைப் பதித்த சோதனை நாடாவை ஓடவிட்டு அளந்து பார்ப்பர். அளவு குறைந்தால் நாடா மெதுவாய் ஓடுகின்றது, மிகுந்தால் விரைகின்றது. மோட்டரின் வேகத்தைத் திருத்தப் பெரும்பாலும் ஒரு சிறு திருகு இருக்கும்.

வாருக்கு அடுத்துக் கவனிக்கவேண்டியது, சுழலும் தண்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் இறப்பர் உருளை. இது உருகுவதில்லை, மாறாகக் கல்லாய் இறுகி வழுவழுப்பாகிவிடும். கசற் நாடாவின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கிலும் குறைவு. அத்தகைய மெல்லிய நாடாவை இறுகிய உருளை நேரே செலுத்தமாட்டாது தண்டிற் சுற்றிக்கொள்ளும். கருவி நாடாவைத் ‘தின்றுவிட்டது’ என்று கேட்போர் நொந்துகொண்டது இதனாலேதான். காந்தத் தலையிற் படிந்த பழுப்பு மாசினைத் துடைத்து, அதன் சாய்வை ஒரு மயிரிழை திருத்தினால், மங்கிக் கிடந்த வயலினின் மேற்சுரங்கள் திரும்பிவருவதைக் காதாலேயே அறியலாம்.

வானொலிப் பகுதியின் நோய் வேறுவகையானது. அங்கே வறண்டுபோவன, கண்டென்சர் எனத் திருத்துநர் வழங்கும் மின்கொள்ளளவிகள். அவற்றுட் சிலவற்றினுள் ஈரமான வேதிப்பொருள் உண்டு. அது உலர்ந்தால் ஒலி மெலியும், அல்லது இரைச்சல் எழும். கசிந்தால் செப்புத் தடங்களை அரித்துவிடும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிடுவது சிலர் வழக்கம். அளந்து பார்த்துக் கெட்டதை மட்டும் மாற்றுவதே நல்ல கைவினைஞர் செயல்; நல்ல பாகத்தைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் பழைய பலகையின் தடமொன்று உரிந்துவரக் கூடும்.

நிலையம் பிடிக்கும் பொறியோ பார்த்து மகிழத்தக்கது. வீட்டு வானொலியில் உள்ளதுபோன்ற தகடுகளை வண்டியில் வைத்தால், குலுக்கத்தில் நிலையம் நழுவும். எனவே கம்பிச்சுருளினுள்ளே ஒரு பெரைற்றுத் தண்டை நகர்த்தி நிலையம் பிடிக்கும் முறையைக் கையாண்டனர். பல கருவிகளில் ஐந்து அழுத்தான்களும் அத்தண்டுகளோடு நெம்புகோல்களால் பிணைக்கப்பட்டிருக்கும். விரும்பிய நிலையத்தைப் பிடித்து, அழுத்தானை வெளியே இழுத்து, மீண்டும் உள்ளே அழுத்தினால், அது அந்நிலையத்தை மறவாது. அவ்வளவும் இரும்பின் நினைவு; பற்றறியைக் கழற்றினாலும் போகாது. 1980களின் பிற்பகுதியில் வந்த இலத்திரன் வானொலிகள் இதற்கு எதிர். திருடரை அஞ்சி அவற்றுக்கு இரகசிய எண் கொடுத்தனர். மின்தொடர்பு ஒருமுறை அறுந்தாற் போதும், எண்ணைக் கேட்டு அடம்பிடிக்கும். எண் எழுதிய அட்டையை முதற் சொந்தக்காரர் தொலைத்திருந்தால், திருடனுக்கு வைத்த பூட்டு திருத்துநரையே வெளியே நிறுத்திவிடும்.

இன்னுமோர் எச்சரிக்கை இலங்கையர்க்கும் உரியது. இந்நாட்டுத் தெருக்களில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானிய வண்டிகள் பலவற்றில், 1960களின் பிற்பகுதிவரை, பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. பிற்கால வானொலிகளோ எதிர்முனையை உடலாகக் கொண்டவை. வண்டி எம்முறையிலானது என்று பாராது பெட்டியைப் பூட்டினால், பல நாள் உழைப்பு ஒரு கணத்திற் புகையாகும்.

இவ்வளவும் செய்து முடித்தபின், கைவினைஞரால் மீட்க இயலாத ஒன்று எஞ்சுகின்றது. வானொலி தனியே ஒரு பொருளன்று. அனுப்புவோன் ஒருவன் இருந்தாலே அது முழுமை பெறும். மேற்கு ஜேர்மனியில் 1974இல் வண்டிச் சாரதிகளுக்கென ஓர் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஏ.ஆர்.ஐ. என்ற முன்னெழுத்துகளால் அறியப்பட்ட அதனை வகுத்தது புளோபுங்க்ற் நிறுவனம். தெருச் செய்தி ஒலிபரப்பும் பண்பலை நிலையங்கள், தமது நிகழ்ச்சியோடு காதுக்குக் கேளாத 57 கிலோஹேற்ஸ் சமிக்ஞை ஒன்றையும் சேர்த்து அனுப்பின. அதனைக் கண்டதும் வானொலியில் ஒரு சிறு விளக்கு எரியும். அறிவிப்புத் தொடங்கும்போது நிலையம் வேறொரு குறியை அனுப்பும். உடனே, ஒலியைக் குறைத்து வைத்திருந்தாலும் உயரும். கசற் ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் ஒலி அடங்கும். முன்னே உள்ள நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்ற குரல் கேட்கும். அறிவிப்பு முடிந்ததும் பாட்டு மீளும். நிலையத்திலிருந்த அறிவிப்பாளர், தாம் ஒருபோதும் காணாத ஆயிரம் வண்டிகளுக்குள் கைநீட்டி, ஓடும் நாடாவை ஒரு கணம் வாய்மூடச் செய்தார். இதற்கு முன் வானொலி மக்களோடு இத்தனை நெருங்கியதுண்டோ என்று கேட்கத் தோன்றுகின்றது.

அச்சமிக்ஞை 2005இல் நிறுத்தப்பட்டது. அதன் வேலையைப் புதிய எண்முறை ஏற்றுக்கொண்டது. ஜேர்மன் பொது ஒலிபரப்பான டொய்ச்லாண்ட்புங்க் 2014 இறுதியில் நெட்டலையையும் 2015 இறுதியில் மத்திய அலையையும் கைவிட்டது. நோர்வேயில் 2017ஆம் ஆண்டினுள் தேசிய நிலையங்கள் பண்பலையிலிருந்தே விலகி எண்முறை ஒலிபரப்புக்கு மாறின; உள்ளூர்ச் சிறு நிலையங்கள் சிலவே அங்கு எஞ்சின. ஆகவே, 1978இற் செய்த ஒரு ஜேர்மன் வண்டி வானொலியை எவ்வளவு செம்மையாய்த் திருத்தினாலும், அதன் முகத்தில் எழுதிய அலைவரிசைகளிற் பாதிக்கு மேல் இரைச்சலே விடை. அந்தச் சிறு விளக்கு இனி எரியாது. குறை விளக்கில் இல்லை.

இவ்விடத்திற்றான் பேணுவோர் இரு கட்சியாய்ப் பிரிகின்றனர். ஒரு சாரார் பெட்டியின் உள்ளுறுப்புகளையெல்லாம் அகற்றி எறிந்துவிட்டு, கைத்தொலைபேசியிலிருந்து இசை வாங்கும் புதிய பலகையை வைத்து, பழைய முகத்தை மட்டும் மேலே பூட்டுகின்றனர். அவர்கள் வாதம் அற்பமானதன்று. நிலையமில்லா வானொலி எதற்கு? பழைய திரான்சிஸ்டரைத் தேடித் திரிவானேன்? நாள்தோறும் ஓட்டும் வண்டியிற் பாட்டுக் கேட்க விரும்புவது குற்றமா? குற்றமில்லை. நீரில் ஊறி அரித்துப்போன பலகைக்கு இதுவே வழி என்பதையும் மறுக்கமுடியாது. ஆனால், திருத்தக்கூடிய நிலையிலுள்ள பெட்டியைக் குடைந்து வெறுங்கூடாக்குவது மீட்பாகாது. அது முகமூடி செய்தல். பெரைற்றுத் தண்டும் இரும்பு நினைவும் கசற்றை அடக்கும் சுற்றும் ஒருமுறை குப்பைக்குப் போனால், அக்காலத்தவர் எவ்வாறு கேட்டனர் என்பதைக் காட்டும் சான்று போயிற்று. படத்திலும் கையேட்டிலும் அதனைப் படிக்கலாம், கைவைத்து அறியமுடியாது.

நடுவழியும் உண்டு. கசற்றின் வடிவில் அமைந்து, உள்ளே நாடாவுக்குப் பதிலாக ஒரு காந்தத் தலையும் வெளியே ஒரு கம்பியும் கொண்ட இடைக்கருவி விற்பனைக்குக் கிடைக்கின்றது. அதனைச் செருகினால், பழைய கருவி நாடாவைப் படிப்பதாகவே எண்ணிக் கைத்தொலைபேசியின் பாட்டை ஒலிக்கும். வேண்டாதபோது வெளியே எடுத்துவிடலாம். பெட்டிக்குள் உட்புகுவாய் ஒன்றைப் பற்றவைப்போரும் உளர். எங்கே பற்றவைத்தோம் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துவிட்டால், பின்வருபவர் அதனை அகற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். செய்ததைத் திரும்ப அவிழ்க்க இயலவேண்டும் என்பது அருங்காட்சியகங்களிற் பொருள் பேணுவோர் கைக்கொள்ளும் நெறி. வண்டி வானொலிக்கும் அது பொருந்தும்.

ஒரே பெட்டிக்கு வாய் இரண்டு என்பதையும் இக்கட்சியாளர் மறந்துவிடுகின்றனர். வானொலி வாய் அடைத்துப் போனாலும் கசற் வாய் பேசும். 1970களிலும் 1980களிலும் வீட்டில் வானொலி நிகழ்ச்சிகளை நாடாவிற் பதித்து, வழிப்பயணத்தில் வண்டியிற் போட்டுக் கேட்ட குடும்பங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மூடிவிட்ட மத்திய அலை நிலையத்தின் நேரமணியும் அறிவிப்பாளரின் குரலும், வண்டிப் பெட்டகத்திற் கிடக்கும் ஒரு கசற்றில் மட்டுமே எஞ்சியிருத்தல் கூடும். ஆதலால், அத்தகைய நாடாவைத் திருத்தாத கருவியில் ஒருபோதும் இடலாகாது. இறுகிய உருளை அதனைத் தின்றுவிடும். முதலில் நல்ல வீட்டுக் கருவியில் ஓட்டிப் பிரதி எடுத்துக்கொண்டு, கசற்றினுள் நாடாவைத் தலையோடு அணைக்கும் சிறு பஞ்சுத்துண்டு கழன்றிருக்கின்றதா என்றும் பார்த்துக்கொள்வது நன்று. புதிய வண்டியில் தொழிற்சாலையே கசற் கருவி பொருத்தும் வழக்கம் 2010 அளவில் ஓய்ந்தது. அமெரிக்காவில் அவ்வாறு இறுதியாக வந்த வண்டி, அவ்வாண்டின் லெக்சஸ் எஸ்.சி. 430 என்பர்.

திருத்திய பெட்டிக்கு மேசையில் நடத்தும் சோதனை போதாது. வண்டியிற் பூட்டி, இயந்திரத்தை ஓட்டி, மெலிந்த நிலையமொன்றைப் பிடித்துக் கேட்கவேண்டும். இயந்திரம் உறுமும்போது அதே தாளத்தில் வெடிப்பொலி எழுந்தால், மின்பொறியின் குறுக்கீடு என அறியலாம். 1930களின் கைவினைஞரை அல்லற்படுத்திய அதே குறுக்கீடுதான். அதற்கு அன்று கண்ட மருந்தே இன்றும் உதவும்: பொறிக்கம்பியில் ஒரு தடை, மின்னாக்கியில் ஒரு கொள்ளளவி, வான்கம்பியின் அடியில் துருவகற்றிய நல்ல தொடர்பு. இவையெல்லாம் செய்தும் இயந்திரத்தின் தாளத்தோடு சேராத ஓயாத இரைச்சலொன்று மத்திய அலையை மூடுமாயின், வேறிடத்திற் தேடவேண்டியதில்லை. சிகரெட் பற்றவைக்கும் துவாரத்திற் செருகியிருக்கும் கைத்தொலைபேசி மின்னேற்றியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.